சலாம் சுக்கானியும் பாதிக் கொடியும்

ஸெய்னுதீன் காக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் அவருடைய கொடியைப் பற்றித்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் மற்றவர்கள் கேள்விப்பட்டதைச் சொல்கிறார்கள், மைமூனாவாகிய நான் அதில் அகப்பட்டவள். ஆகவே நடுவில் புகுந்து யாரும் என்னைத் திருத்த வேண்டாம்.

மூதூரில் இருந்து கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்துத் திருகோணமலைக்கு ஓடுகிற லாஞ்சிப் படகுக்கு அவர் சுக்கானி. லாஞ்சி தாஹிர் முதலாளியுடையது. காலையில் எங்கள் இறங்குதுறை ஜெட்டியில் இருந்து வெளிக்கிட்டு, ஒன்றரை மணித்தியாலம் ஓடி, துறைமுக வாயிலுக்குள் நுழைந்து பட்டினத்து ஜெட்டியில் ஆட்களை இறக்கும். பின்னேரம் திரும்பி வரும். தயிர் முட்டி, மீன் கூடை, அரசாங்கக் கச்சேரிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாம் அதில்தான். மூத்த ஆண்களை நாங்கள் காக்கா என்போம். ஸெய்னுதீன் காக்கா மெலிந்த ஆள். கடலில் தொழில் செய்தாலும் சட்டையை மடிப்புக் குலையாமல் போடுவார். காது மந்தம். வெள்ளைக்காரனின் நேவி திருகோணமலையில் இருந்த காலத்தில் கப்பல் பட்டறையான டொக்யாட்டின் வள்ளங்களில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காக நின்றவர் அல்லவா, அதனால் வந்தது. நாம் என்ன சொல்கிறோம் என்பதை வாயசைவைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்வார். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

காது எடுபடாத ஆளுக்குக் கண் கூர்மை. டொக்யாட்டில் கொடி ஏற்றி இறக்கிச் செய்தி சொல்கிற வெள்ளைக்காரன் ஒருவன் இவரோடு நல்ல மாதிரி. அவனிடம் கப்பல் கொடிகளின் சட்டதிட்டம் எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டார். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கொடியை இறக்கி மடித்துக்கொண்டு போனான். இவருக்கு டொக்யாட் வேலை போயிற்று. ஆனால் பாடம் போகவில்லை. தாஹிர் முதலாளி லாஞ்சியைக் கையில் கொடுத்ததும் இவர் செய்த முதல் வேலை, பின்பக்கத்தில் சுக்கான் கட்டைக்கு அருகே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு நட்டதுதான். கப்பி பூட்டி, கயிறு போட்டு, நாட்டுக்கொடியைப் பட்டினத்தில் வாங்கி வந்து ஏற்றினார். முதலாளி கேட்கவில்லை. தடுக்கவும் இல்லை.

அந்தக் கம்பால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கொடி காலையில்தான் ஏற வேண்டும், பொழுது படமுன் இறங்க வேண்டும். கீழே விழக்கூடாது. நைந்துபோனால் எரிக்கலாம், அதில் கை துடைக்கக்கூடாது. மீன் விற்கப் போகிற பெண்கள் ஈரத் துவாயைக் கம்பில் தொங்கப் போட்டால், “இது துவாய் காயப்போடுற கம்பு இல்ல” என்று எடுத்து மடித்து அவர்கள் மடியில் வைப்பார். ஒரு முறை ஒருவர் தன் சேவலின் காலைக் கம்பில் கட்டிவிட்டார். காக்கா நடுக்குடாவில் எஞ்சினை நிறுத்தி, சேவலை அவிழ்த்து உடையவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் மீண்டும் ஓட்டினார்.

துறைமுகத்துக்குள் நுழைந்தால் பாடம் தொடங்கும். சாமான் கப்பல்களைக் காட்டிக் காட்டிச் சொல்வார். பிறநாட்டுக் கப்பல் தன் கொடியைப் பின்னால் பறக்கவிடும், நம்முடைய கொடியை மரத்தில் வலப்பக்கம் ஏற்றும், அது வந்தவன் வீட்டுக்காரனுக்குச் செய்கிற மரியாதை. மஞ்சள் கொடி நின்றால் டொக்டர் ஏறிப் பார்த்து முடியும்வரை ஒருவரும் கிட்டப் போகக்கூடாது. ஒரு கப்பல்காரன் நம் சிங்கக் கொடியைத் தலைகீழாக ஏற்றியிருந்தானாம். காக்கா லாஞ்சியைக் கிட்டக் கொண்டுபோய்க் கையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி அவனைத் திருத்த வைத்தாராம். இப்படிப் பார்த்துப் பார்த்து, எழுத்து வாசிக்கத் தெரியாத எனக்கும் கொடி வாசிக்கத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. அங்கேதான் பிழை தொடங்கியது.

காக்காவுக்கு எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. போர்க்கப்பலைக் கடந்து போகிற சின்னக் கப்பல் தன் கொடியைப் பாதிவரை இறக்க வேண்டும். அதைக் கண்டதும் போர்க்கப்பல் தன் கொடியைப் பாதி இறக்கி உடனே ஏற்றும். அது ஏற்றிய பிறகுதான் சின்னது ஏற்றலாம். பதில் வரும்வரை பாதியிலேயே வைத்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய கப்பலானாலும், எவ்வளவு சின்ன லாஞ்சிக்கும் பதில் கொடுத்தே ஆக வேண்டுமாம். இதைச் சொல்லும்போது அவருடைய முகம் மலர்ந்துவிடும்.

“சலாம் சொல்றது சுன்னத்து, பதில் சொல்றது வாஜிபு. கடல்லயும் அதேதான்” என்பார். சொல்வது நல்ல வழக்கம், பதில் சொல்வது கட்டாயக் கடமை.

அதனால்தான் அவருக்குச் சலாம் சுக்கானி என்று பெயர் வந்தது. லாஞ்சிக்குள் நாங்கள் வெயிலுக்குக் கட்டிய படங்கின் கீழே கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறவர்கள். எந்தக் கப்பல் பதில் சொன்னது, எது சொல்லவில்லை என்று யார் பார்த்தார்கள். இவர் சொன்னார், நாங்கள் சிரித்தோம்.

அதே கொடிக்கு எங்கள் ஊரில் இன்னொரு அர்த்தமும் இருந்தது. அதையும் அவர்தான் பழக்கியது. பட்டினத்துப் பெரியாஸ்பத்திரியில் இறந்து மௌத்தானவரின் உடல், ஜனாஸா, லாஞ்சியில் வந்தால், கொடியைப் பாதியில் நிறுத்திக்கொண்டு வருவார். துக்கத்துக்குக் கொடி பாதியில் நிற்பதும் சட்டம்தான். தூரத்திலேயே அதைக் கண்டால் ஜெட்டியில் நிற்கிறவர்கள் பள்ளிவாசலுக்கு ஓடிப்போய் ஜனாஸா தூக்குகிற சந்தூக்கை எடுத்து வந்துவிடுவார்கள். உதவியான பழக்கம்தான். ஆனால் சலாமுக்கும் பாதி, மௌத்துக்கும் பாதி என்றால் கரையில் நிற்கிறவள் எப்படிப் பிரித்தறிவாள். அதை அவரும் யோசிக்கவில்லை, ஊரும் யோசிக்கவில்லை.

அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் என் புருசன் பக்கீருக்கு வயிற்றுக்குத்து. குடல்வால் என்று பெரியாஸ்பத்திரியில் வெட்டினார்கள். இரண்டு நாள் நான் கூட இருந்தேன். அதன்பின் என் தம்பி முத்தலிபை அங்கே விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க ஊருக்கு வந்தேன். அடுத்த நாள் பின்னேரம் செய்தி கேட்கலாம் என்று ஜெட்டிக்குப் போனேன். பக்கத்து வீட்டு ரபீக்காவும் கூட வந்தாள்.

லாஞ்சி குடாவின் நடுவில் தெரிந்தது. பிறகு கம்பு தெரிந்தது. பிறகு கொடி. கொடி பாதியில் நின்றது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.  ரபீக்கா என் கையைப் பிடித்தாள். அப்போது ஆஸ்பத்திரியில் எங்கள் ஊரார் வேறு யாரும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நான் மணலில் அப்படியே குந்திவிட்டேன். பெண்கள் வந்து சுற்றிக்கொண்டார்கள். என் மச்சான்மார் பள்ளிக்கு ஓடினார்கள். லாஞ்சி கிட்ட வரக் கிட்ட வர ஸெய்னுதீன் காக்காவின் முகம் தெரிந்தது. இறுகிப்போய், ஒருவரையும் பாராமல். அந்த முகத்தைக் கண்டதும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. மௌத்துக்குச் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சொல்லிவிட்டேன். பிள்ளைகளை இனி என்ன செய்வது என்றுகூட யோசித்து முடித்துவிட்டேன்.

சந்தூக்கு ஜெட்டிக்கு வந்து சேர, லாஞ்சியும் வந்து சேர்ந்தது. தயிர் விற்ற வெறும் முட்டிகளோடு ஆட்கள் இறங்கினார்கள். காக்கா இறங்கி வழமைபோல எல்லாருக்கும் சலாம் சொன்னார். என் மூத்த மச்சான் ஜனாஸா எங்கே என்று கேட்டார். காக்கா அவருடைய வாயைப் பார்த்தார், சந்தூக்கைப் பார்த்தார்.

“எந்த ஜனாஸா” என்றார்.

அதற்குள் முத்தலிபின் செய்தியோடு ஒருவர் என்னிடம் வந்தார். என் புருசன் மத்தியானம் கஞ்சி குடித்தாராம், ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவில்லையாம், நாளைக்கு வரும்போது பாரைமீன் ஆணம் காய்ச்சிக்கொண்டு வரட்டாம்.

நான் எழும்பினேன். எப்படி எழும்பினேன் என்று தெரியாது. கொடி இன்னும் பாதியில்தான் நின்றது. காக்கா எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டினத்தில் இருந்து வெளிக்கிடும்போது துறைமுகத்துக்குள் ஒரு சாம்பல் நிறப் போர்க்கப்பல் நின்றதாம். எந்த நாட்டுக் கப்பலோ. இவர் சலாம் வைத்தாராம். அவன் பதில் தரவில்லையாம். பதில் வராமல் ஏற்றக்கூடாதல்லவா, அதனால் பாதியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். கப்பல்காரன் மதிக்கவில்லையே என்ற வருத்தம்தான் அவருடைய முகத்தில் இருந்தது. அதை நான் என் புருசனின் மௌத்தாக வாசித்துவிட்டேன்.

நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். சந்தூக்கைத் தூக்கி வந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். வழமைப்படி முதலில் சலாம் சொன்னார்.

“இனி உங்கட சலாமுக்கு நான் பதில் சொல்ல மாட்டன், காக்கா. கப்பல்காரன் சொல்லட்டும்” என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு சொல்லும் தப்பியிருக்காது.

தாஹிர் முதலாளி அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரை போட்டேன், இருக்கவில்லை. ஊருக்குள் பெரிய கதையாகிவிட்டது, அந்தக் கம்பை வெட்டி எறிந்துவிடலாமா என்று கேட்டார். வெட்டுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முதலாளி எல்லார் முன்னாலும் வைத்துச் சொல்லிவிட்டார், மைமூனா ஒரு முடிவு சொல்லும்வரை கொடி தன் வீட்டு அலுமாரிக்குள் இருக்கும், அவள் வேண்டாம் என்றால் கம்பும் போகும் என்று. ஸெய்னுதீன் காக்கா கொடியை மடித்துக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தாராம். 

நாற்பது நாள் லாஞ்சி வெறுங்கம்போடு ஓடியது.

காலையில் ஜெட்டிக்குப் போகும் வழியில் எங்கள் வேலியைக் கடந்துதான் அவர் போக வேண்டும். நான் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்பேன். நின்று, சலாம் சொல்வார். பின் என் வாயைப் பார்ப்பார். நான் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். பதில் சொல்லாவிட்டால் குற்றம் என்பது எனக்குத் தெரியாதா. மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அல்லாஹ்வுக்குக் கேட்கும், இவருக்குக் கேட்கத் தேவையில்லை என்று வைத்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு போவார். அடுத்த நாளும் வருவார். கொடியைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏசியிருப்பேன், ஏசினால் கோபம் தீர்ந்திருக்கும். அவர் கேட்டால்தானே.

என் புருசன் ஆஸ்பத்திரியால் வந்தார். வயிற்றில் தையலோடு வந்த மனிசன், வந்தது முதல் பகிடிதான். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், “நான் ஒருக்கா மௌத்தாகிட்டன், சந்தூக்குக் கூட வந்து பார்த்திட்டுப் போயிட்டு” என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் தையல் இழுக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மூன்று நாளுக்கு மேல் ஒரு முஸ்லிமோடு பகைக்கக்கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் பகைக்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். எத்தனை நாள் யோசிப்பாய் என்றார். கொடி பாதியில் நின்றபோது நான் யோசித்த யோசனைகளை நீங்கள் யோசிக்கவில்லையே என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ரபீக்கா ஒரு நாள் பட்டினத்துக்குப் போய் வந்து ஒரு சங்கதி சொன்னாள். மீன்காரப் பெண்கள் இப்போது அந்தக் கம்பில் துவாய் காயப்போடுகிறார்களாம். காக்கா பார்த்துக்கொண்டே இருக்கிறாராம், ஒன்றும் சொல்கிறதில்லையாம். சும்மா சொன்னாள், சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்பதாம் நாள் என் புருசனை டொக்டருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு முதல் நாளே முதலாளி வீட்டுக்குப் போய், கொடியைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். என்ன முடிவு என்று கேட்டார். நாளைக்கு என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றேன்.

காலையில் லாஞ்சியில் ஏறியதும் கொடிப் பொட்டலத்தைக் காக்காவின் கையில் வைத்தேன். எல்லாரும் கேட்கத்தக்கதாகவும், அவர் பார்க்கத்தக்கதாகவும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“இண்டைக்கு ஒரு கப்பல் உங்கட சலாமுக்குப் பதில் சொல்றத நான் பாக்கணும். சொன்னா கொடி இரிக்கட்டும். சொல்லாட்டி நானே கம்ப வெட்டுவன்.”

“ஓம், தங்கச்சி” என்றார். அவ்வளவுதான். கம்பில் கிடந்த துவாய்களை எடுத்து மடித்து உரியவர்களிடம் கொடுத்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். எட்டு மணி ஆனதும் கொடியை ஏற்றினார்.

துறைமுக வாயிலுக்குள் நுழைந்ததும் ஒரு போர்க்கப்பல் நின்றது. முந்தியதல்ல, வேறொன்று. இதுவும் சாம்பல் நிறம், இதுவும் எந்த நாட்டுக் கப்பல் என்று எனக்குத் தெரியாது. படங்கின் கீழே இருந்த நான் வெளியே வந்து பின்பக்கம் நின்றுகொண்டேன். மற்றவர்களும் கண்ணை மூடவில்லை. ஊரே கதைத்த விசயம் அல்லவா.

கப்பலுக்கு நேரே வந்ததும் காக்கா ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கொடியை மெதுவாகப் பாதிவரை இறக்கினார்.

கப்பலின் மேல்தட்டில் சிலர் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் வாளியைக் கடலில் விட்டு அள்ளினான். ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கப்பலின் பின்பக்கத்தில் அவர்களுடைய பெரிய கொடி அது பாட்டுக்குப் பறந்தது. நாங்கள் கடந்துவிட்டோம். காக்கா கொடியை ஏற்றவில்லை.

“ஏத்துங்க காக்கா, இன்னொருக்கா சந்தூக்கு தூக்க எங்களுக்கு ஏலாது” என்று ஒருவர் சொல்ல, லாஞ்சியே சிரித்தது.

காக்காவுக்கு அது கேட்கவில்லை, ஆனால் சிரிப்பைக் கண்டார். அன்று ஜெட்டியில் கண்ட அதே இறுகின முகம். ஆனால் இந்த முறை அது எதற்கான முகம் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தார்.

“சொன்ன சொல்தான், தங்கச்சி. கம்ப வெட்டுங்க” என்றார்.

என்ன நடந்தது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. நாற்பது நாளாக அவர் மேல் இருந்த கோபம் அப்படியே அந்தக் கப்பலின் மேல் திரும்பியது. இந்த மனிசன் இவ்வளவு முறையாக, இவ்வளவு பொறுமையாக ஒரு சலாம் வைக்கிறார். மலை மாதிரி நிற்கிற கப்பலில் அதைக் காண ஒரு கண் இல்லையா.

“திருப்புங்க லாஞ்சிய” என்றேன்.

அவர் என் வாயைச் சரியாகப் பார்த்தாரோ என்று சந்தேகத்தோடு நின்றார். கையைச் சுழற்றிக் காட்டினேன்.

“புள்ள, டொக்டர் போயிருவார்” என்றார் என் புருசன்.

“டொக்டர் இரிப்பார். நீங்க ஒருக்கா மௌத்தான ஆள்தானே, பேசாம இரிங்க.”

தயிர்க்காரர் ஒருவர் வெயில் ஏறுகிறது, தயிர் புளித்துவிடும் என்று முணுமுணுத்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். காக்கா சுக்கானைத் திருப்பினார். கொடியைப் பாதியிலிருந்து ஏற்றாமலே லாஞ்சியை வளைத்து, கப்பலின் பின்பக்கமாக, முந்தியதைவிடக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார்.

நான் லாஞ்சியின் முன்பக்கம் போய் நின்றேன். முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டேன். கையில் என் புருசனின் கறுத்தக் குடை இருந்தது. அதை விரித்துத் தலைக்கு மேலே உயர்த்தி, மெதுவாக இறக்கினேன். திரும்ப உயர்த்தினேன், திரும்ப இறக்கினேன். ரபீக்கா பிறகு கேட்டபோது நான் சத்தம் போடவே இல்லை என்று சொன்னேன். இவர் சொல்கிறார், நான் போட்ட சத்தத்தில் கடற்காகம் எழும்பிப் பறந்ததாம். இவருக்கு எப்போதும் பகிடி.

வாளி வைத்திருந்தவன்தான் முதலில் கண்டான். மற்றவனைத் தட்டிக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். குடையோடு நிற்கிற பொம்பிளையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சிரிப்புச் சத்தத்துக்குத் தொப்பி போட்ட வயதான ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், பிறகு அவருடைய பார்வை லாஞ்சியின் பின்பக்கம் போனது. பாதியில் நின்ற கொடியையும், அதன் கீழே நிமிர்ந்து நின்ற சுக்கானியையும் கண்டார். சிரிப்பவர்களை ஒரு சொல்லில் அடக்கினார். ஒருவன் பின்பக்கம் ஓடினான்.

அந்தப் பெரிய கொடி அசைந்தது. ஆடி ஆடிப் பாதிவரை இறங்கியது. ஒரு கணம் நின்றது. பிறகு உச்சிக்கு ஏறியது.

ஸெய்னுதீன் காக்கா கயிற்றை இழுத்தார். எங்கள் கொடி ஏறியது. கயிற்றைக் கட்டிவிட்டுக் கையை நெஞ்சில் வைத்தார். தொப்பிக்காரர் அங்கிருந்து கையைத் தன் தொப்பியில் வைத்தார். லாஞ்சியில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எப்போது எழும்பி நின்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. தயிர்க்காரரும் நின்றார். என் புருசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, கப்பலைப் பார்த்து, “வஅலைக்கும் ஸலாம்” என்றார்.

பட்டினத்து ஜெட்டியில் இறங்கும்போது காக்கா கை கொடுத்து இவரை இறக்கினார். அடுத்து நான் இறங்க, வழமைபோலச் சலாம் சொன்னார். சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தார். நான் அவருக்கு நேரே திரும்பி நின்று, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தி முழுச் சலாமையும் சொன்னேன். வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹூ வரைக்கும்.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் என்னை அறியாதவர்கள்.

பின்னேரம் திரும்பி வரும்போது காக்காவிடம் ஒரு விசயம் பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். சலாமுக்குக் கொடி பாதியில் நிற்கட்டும். எத்தனை கப்பல் பதில் தராவிட்டாலும் அப்படியே ஊர்வரை வரட்டும். ஆனால் மௌத்துக்குப் பாதிக் கொடி இனி வேண்டாம். ஜனாஸா வந்தால் கொடியை முழுக்க இறக்கிவிட்டு வெறுங்கம்போடு வர வேண்டும். அந்த நாற்பது நாள் அந்தக் கம்பைப் பார்த்த எல்லாருக்கும் வெறுங்கம்பு என்றால் துக்கம் என்று தானாகவே விளங்கும்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. துக்கத்துக்குப் பாதியில் நிற்பதுதான் உலகம் முழுக்க உள்ள சட்டம் என்றார். எந்தக் கப்பலும் கொடியே இல்லாமல் ஓடக்கூடாது என்றார். டொக்யாட்டில் படித்ததை எல்லாம் எடுத்து வைத்தார். நான் முழுவதையும் கேட்டேன்.

“அது கடல்ச் சட்டம், காக்கா. ஜெட்டியில நிக்கிற பொம்பிளைக்கு இது என்ட சட்டம்” என்றேன்.

குடா முழுக்க ஓடும்வரை யோசித்தார். ஊர் தெரிகிற இடத்தில், “ஓம்” என்றார்.

அதற்குப் பிறகு பதினேழு வருடம். எழுபத்திரண்டில் நாடு குடியரசானபோது கொடியின் நாலு மூலையிலும் அரசிலை வந்தது. காக்கா முதல் வாரமே புதுக்கொடி வாங்கிவிட்டார். பழைய கொடியோடு வந்த சாமான் கப்பல்களைக் கண்டால் கப்பல் ஏஜென்டுமாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவார். முதலில் எரிச்சல்பட்டவர்கள், பிறகு இவரிடமே கேட்கத் தொடங்கினார்கள். போர்க்கப்பல்களில் சிலது பதில் சொல்லும், சிலது சொல்லாது. சொல்லாத நாளில் கொடி பாதியில் ஊருக்கு வரும். ஜெட்டியில் நிற்கிறவர்கள், “இண்டைக்கும் காக்காட சலாம் திரும்பி வந்திட்டு” என்று சிரிப்பார்கள். சந்தூக்கை ஒருவரும் தொடமாட்டார்கள். வெறுங்கம்பு தெரிந்தால் மட்டும் எல்லாரும் எழும்பி நிற்பார்கள்.

இப்போது சுக்கான் கட்டை அவருடைய மருமகனின் கையில். காக்கா பட்டினத்துக்குப் போனால் பின்பக்கத்தில்தான் இருப்பார், கொடிக் கயிறு மட்டும் அவர் கையில். போன மாதம் நானும் என் புருசனும் போனோம். புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார் ஒருவர் லாஞ்சியில் இருந்தார், படித்த மனிசர். வழியில் ஒருவர் வெறுங்கம்புக் கதையைச் சொல்ல, அப்படி ஒரு சட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று அவர் காக்காவிடம் கேட்டார். காக்கா அவருடைய வாயைப் பார்த்து விளங்கிக்கொண்டு, என் பக்கம் கையைக் காட்டினார்.

“அது மைமூனாட சட்டம், மாஸ்டர். அவவிட்டத்தான் கேக்கணும்.”

வாத்தியார் என்னைப் பார்த்தார். புத்தகத்தில் இல்லாவிட்டால் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.